எட்டுக் கால்

ஃபேன் சுற்றுகிறது. திரை கறுப்பு.
பத்தொன்பது வோல்ட் வருகிறது, ஐந்து வருகிறது,
மூன்று புள்ளி மூன்றும் வருகிறது.
வரவேண்டியவர்கள் எல்லாம் வந்தும்
கூட்டம் தொடங்காத சங்க ஆபீஸ் மாதிரி
உட்கார்ந்திருக்கிறது இந்த மதர்போர்டு.

ஐஸ் பிளாண்ட் ஜெனோவாவின் லேப்டாப்.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
பூட்டிய அறையில், கடல் பக்க ஜன்னலடியில் கிடந்தது.
"எந்தப் போட்டுக்கு எத்தனை பார், யாரு எவ்வளவு பாக்கி,
எல்லாம் இதுக்குள்ளதான் லியோன்" என்றாள்.
வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டலாமென்றால்
போர்டிலேயே பற்றவைத்த மலிவு மாடல்.
பாக்கிக்காரர் மூன்று பேர் டீ வாங்கிக் கொடுத்து
அவசரமில்லை, மெதுவாகவே பாருங்கள் என்றார்கள்.

பயாஸ் சிப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்.
சுண்டுவிரல் நகத்தில் பாதி. எட்டுக் கால்.
முதல் காலருகே ஒரு புள்ளி.
அதைப் படிக்க, அழிக்க, திரும்ப எழுத
ஒரு கருவி விற்கிறார்கள்.

கறுப்பாய் ஒன்று, கிளிப்போடு நானூற்றைம்பது.
மூன்று புள்ளி மூன்று கேட்கும் சிப்புக்கு
ஐந்தைக் கொடுத்துவிடுமாம்.
சாப்பிடு சாப்பிடு என்றே
விருந்தாளியைக் கொல்லுகிற வீடு.
நல்லது ஏழாயிரத்து இருநூறு.
அமலி ஒன்றும் சொல்லவில்லை.
ஹாட் ஏர் வாங்கிய கடனின் தவணை அட்டையை எடுத்து
என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
குழம்பு ஊற்றினாள்.

நோட்டைப் புரட்டினேன்.
"சரியாகவில்லை" என்றெழுதித் திருப்பிக் கொடுத்தவை
இரண்டு வருடத்தில் முப்பத்தொன்று.
அதில் சிப்பால் செத்தவை எத்தனை?
பதினொன்று என்றால் வாங்கலாம். இரண்டென்றால் கூடாது.
படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
படிக்கக் கருவி வேண்டும்.
கருவி வாங்கலாமா என்று அறிய
கருவி வாங்க வேண்டியிருக்கிறது.
வெளியே உப்புக்காற்று ஷட்டரைத் தின்றுகொண்டிருந்தது.
அதற்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

கடைசியில் சிப்பை மட்டும் பிடுங்கி
பஞ்சு வைத்துத் தீப்பெட்டியில் மூடி
ஒன்றரை மணி மதுரை வண்டியில் கொடுத்தேன்.
கண்டக்டர் சண்முகவேல் காதருகே ஆட்டிப் பார்த்தார்.
"உள்ள என்ன, பொன்வண்டா?"
அவர் சட்டைப் பையில் அது பாலம் கடந்தது.

நாலாம் நாள் டவுன்ஹால் ரோட்டிலிருந்து தௌலத் பாய்:
"எழுத்தெல்லாம் சுத்தமா இருக்குப்பா.
இது உன் சிப் இல்ல, வேற எங்கயாச்சும் பாரு.
பாத்ததுக்கு இருநூறு."

ஏழாயிரம் மிச்சம் என்று
வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

தீப்பெட்டி திரும்பிய இரவு
லென்ஸை மாட்டிக்கொண்டு கால் காலாகப் போனேன்.
ஏழாம் காலுக்குப் போகும் வழியில்
எள்ளைவிடச் சின்ன ரெசிஸ்டர் ஒன்று,
பாசி பிடித்த மாதிரிப் பச்சை.
உப்பு.
செத்த போர்டொன்றில் அதே அளவு இருந்தது.
எடுத்து வைத்தேன். சிப்பையும் திரும்ப உட்காரவைத்தேன்.
திரை வெளுத்தது.
செலவு, ஒரு துளி ஈயம்.

ஜெனோவா பாக்கியை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.
டீ வாங்கித் தந்தவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

ஆனாலும் அந்த நாலு நாள் உறுத்துகிறது.
"இது இல்ல" என்ற ஒரு சொல்
தீப்பெட்டிக்குள் மதுரைவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.
அந்த முப்பத்தொரு பேரிடமும்
எது இல்லை என்று தெரியாமலேதான்
இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றிரவு விலாசம் தட்டினேன்.
லியோன் சர்வீஸ், தங்கச்சிமடம்.
அடையாளம், ஐஸ் பிளாண்ட் எதிரில்.
நல்லதுதான். இதற்குள் நூறு ரூபாய் ஏறியிருந்தது.
பணம் எப்போது என்று கேட்டது.
பொருள் வந்தபின் என்பதை அழுத்தினேன்.
கொண்டுவருகிற பையன் பாலம் தாண்டி வர
ஆறேழு நாளாகும்.
அதுவரை யோசிக்கலாம்.